மேம்பாடு என்னும் சொல்

2006 வாக்கில் கைபேசி விளம்பரங்களில் 'வாழ்நாள்' என்றொரு சொல் உலவியது. ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கட்டினால் உள்வரும் அழைப்புகள் ஆயுளுக்கும் இலவசம் என்றார்கள். அச்சொல் குறித்தது நிறுவனத்தின் உரிமக் காலத்தை; நம் ஆயுளை அன்று. 2018 இறுதியில் குறைந்தபட்ச மாத ரீசார்ஜ் வந்தபோது அந்த வாழ்நாளும் பலருக்கு முடிந்தது.

இப்போதைய சொல் 'மேம்பாடு'. கூடுதல் டேட்டா தரும் திட்டத்துக்கு மாறினேன். ஆண்டுக்கணக்காகக் கிடைத்துவந்த தள்ளுபடி அடுத்த பில்லில் இல்லை. கேட்டால், அது பழைய திட்டத்தோடு போயிற்றாம், மீள வழியில்லையாம். சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குக் கட்டணத்தை உயர்த்தலாகாது என்னும் டிராய் விதியும் இங்கே உதவாது. திட்டத்தை மாற்றியவர் நாமல்லவா!

பெறுவதைப் பட்டியலிடுவோர் இழப்பதையும் சொல்லிவிட்டு ஒப்புதல் கேட்கட்டும். வணிக அறம் என்பது அதுதான்.