கன்வெர்ட்டரை வெட்டாதீர்!

தேவர்சோலையில் பழைய கார் வைத்திருப்பது பகட்டுக்கு அல்ல. ராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் கூடலூர் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே "ஊட்டிக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லிவிட்டால் நடுவட்டம் ஏற்றம் ஏற வேண்டும். அதற்காகத்தான் கையில் இருப்பதைத் திரட்டி, சமவெளியில் பதினைந்து வருஷம் ஓடிய கார் ஒன்றை வாங்கி வருகிறார்கள்.

ஒருநாள் ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. முன்னால் மஞ்சள் விளக்கு எரிகிறது. பெட்ரோல் நாற்றம் வேறு. பட்டறைக்குப் போனால் பல இடங்களில் கிடைக்கும் பதில் இதுதான்:

"சைலன்சருக்கு முன்னாடி ஒரு டப்பா இருக்குல்ல அண்ணே, அது அடைச்சுக்கிச்சு. வெட்டிட்டு வெறும் பைப்பை வெல்டு வெச்சுடலாம். ஜம்முனு இழுக்கும்!"

இழுக்கத்தான் செய்கிறது. வம்பும் அங்கேதான் ஆரம்பம்.

அந்த டப்பாதான் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயம் ஆனது. உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவை அது மாற்றி அனுப்புகிறது. அத்தனையும் விலை உயர்ந்த உலோகம். வெட்டிய டப்பாவை "குப்பைதானே" என்று பட்டறையில் விட்டுவிட்டு வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்!

டப்பா தானாகக் கெடுவது குறைவு. கெடுப்பது வேறு ஆள்.

இந்தக் கார்களில் கார்புரேட்டர் கிடையாது. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. அதற்குத் தகவல் கொடுப்பவை சென்சார்கள். தேவர்சோலை ஆயிரம் மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. ஊட்டியோ 2,200 மீட்டருக்கும் மேலே. ஏற ஏறக் காற்று மெலியும். பெட்ரோலும் குறைய வேண்டும். காற்றழுத்த சென்சார் பொய் சொன்னாலோ, புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் செத்துப் போனாலோ பெட்ரோல் கூடுதலாகக் கொட்டும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். சூடு தாங்காமல் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். வண்டி திணறும்.

ஆக, வியாதி சென்சாரில். ஆபரேஷன் கன்வெர்ட்டருக்கு!

வெட்டிய பிறகும் சென்சார் செத்தபடிதான் இருக்கிறது. பெட்ரோல் செலவு குறையாது. இதில் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வெல்டு விட்டுப் புகை கசிந்தால், துருப்பிடித்த தரை ஓட்டை வழியாக அது காருக்குள் வரும். கூடலூர் மழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் எல்லோரும் போகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

சட்டமும் சும்மா விடாது. பழைய கார்புரேட்டர் வண்டிக்குப் புகையில் 3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு வரை அனுமதி. பி.எஸ்.4 காருக்கு 0.3 சதவீதம்தான். டப்பா இல்லாமல் அதில் தேறுவது குதிரைக்கொம்பு. புகை விதியை மீறினால் 2019 திருத்தப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். அதனால்தான் வண்டி வராமலே சான்றிதழ் வாங்கப் பார்க்கிறார்கள்.

மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயன் இல்லை. ஸ்பேனர் பிடித்துத் தொழில் கற்றவர் கையில் திடீரென்று கம்ப்யூட்டர் வண்டியைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் அவரிடம் இல்லை. சென்சார் வேண்டுமென்றால் கோயம்புத்தூருக்கு ஆள் அனுப்ப வேண்டும். வெட்டுவது அரைமணி வேலை.

ஆனால் ஸ்கேனர் இல்லாமலே பார்க்கக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன. வெடித்த வேக்குவம் ஹோஸ், கரி பிடித்த பிளக், அடைத்த பெட்ரோல் பில்டர், ஆடும் வயர் சாக்கெட். இவற்றை முதலில் பார்க்கட்டும். அடுத்து இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யட்டும். அதன்பிறகு சென்சார். கன்வெர்ட்டர் கடைசி. அது நிஜமாகவே உருகியிருந்தால் மாற்றுக் கன்வெர்ட்டர் போட வேண்டும், வெறும் பைப் அல்ல.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு வந்துவிட்டது. பழைய ரப்பர் ஹோஸ்களும் வாஷர்களும் அதற்காகச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழை ஊரில் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் காரின் ஹோஸ்களை அடிக்கடி தொட்டுப் பார்ப்பது நல்லது.

2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்டார்கள். ஐகோர்ட்டு உத்தரவு. மலையைக் காக்க வேண்டும் என்றார்கள், சரி. உள்ளூர் வண்டியைப் பழுது பார்க்க என்ன ஏற்பாடு?

கூடலூர் அரசு ஐ.டி.ஐ.யில் நம்மூர் மெக்கானிக்குகளுக்கு மாலை வகுப்பு நடத்தலாம். ஒரு ஸ்கேனர், ஒரு புகை அளக்கும் கருவி, சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். பட்டறைகள் சேர்ந்து ஸ்கேனர் வாங்கக் கூட்டுறவுக் கடன் கொடுக்கலாம். போக்குவரத்துத் துறை அபராதச் சீட்டோடு இதையும் கையில் எடுக்குமா? அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் வகுப்பைத் தொடங்கட்டும்.