கணக்கின் சாவி யார் கையில்?

கூட்டுறவு என்பது பணத்தைப் பொதுவில் வைப்பது மட்டுமன்று. கணக்கையும் பொதுவில் வைப்பதாகும். மாகறலுக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சபையார் குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வு பெறத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று.

இன்று பட்டும் சரிகையும் வழங்கிய கணக்கு, கூலிப் பட்டியல், பயிர்க்கடன் பேரேடு, கரை, முந்தி வடிவங்கள் யாவும் கம்ப்யூட்டரில் ஏறிவருகின்றன. அவற்றைக் 'கிளவுட்' எனப்படும் இணையக் கிடங்கில் வைப்பது நன்றே. அது தொலைவிலுள்ள பிற கம்ப்யூட்டர்களேயன்றி வேறன்று. காரியாலயத்து இயந்திரம் பழுதுற்றாலும் கணக்கு அழியாது.

ஆயின், அக்கிடங்கு யார் பெயரில் உள்ளது? சிப்பந்தி ஒருவரின் சொந்தக் கணக்கில் இருப்பின், அவர் விலகும் நாளில் சங்கத்தின் ரிகார்டுகளும் விலகிவிடும். கூகுள் டிரைவில், தனிநபர் தம் கணக்கில் ஏற்றிய கோப்புக்கு அவரே உடையவர். அவர் அதை அடியோடு நீக்கினால், பகிர்ந்துகொண்ட பிறருக்கும் அது மறைந்துபோம். ஈராண்டுக் காலம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியும் 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது. கணக்கு சங்கத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். கடவுச்சொல்லைக் காரியதரிசியும் நிர்வாக சபையார் ஒருவரும் அறிந்திருக்க வேண்டும். ஆள் மாறும்போது தீர்மானம் எழுதி அதையும் மாற்ற வேண்டும்.

அடுத்து, ஒழுங்கு. ஆண்டுக்கு ஓர் உறை, அதனுள் பொருள்வாரியாக உறைகள் என அமைக்கலாம். '2025-04-12 கூலிப் பட்டியல்' என்று தேதியை முன்னிட்டுப் பெயரிட்டால் கோப்புகள் தாமே வரிசையில் நிற்கும். 'புதியது', 'கடைசி' என்னும் பெயர்கள் மறு மாதமே பொருளிழக்கும்.

கிடங்கை மேசைக் கம்ப்யூட்டரில் மற்றொரு வட்டுப்போல் காட்டும் செயலி உண்டு. அதில் இரு முறைகள்: திறக்கும்போது மட்டும் கோப்பை வரவழைப்பது ஒன்று, முழுப் பிரதியை இங்கும் வைத்திருப்பது மற்றொன்று. இணைப்பு அடிக்கடி அறும் ஊர்களுக்குப் பின்னதே ஏற்றது. எனினும் இங்கே அழித்தது அங்கும் அழியும்; குப்பைத் தொட்டியில் 30 நாள் மட்டுமே தங்கும். எனவே தணிக்கை முடிந்ததும், ஆண்டுக் கணக்கைத் தனி வட்டில் பதிந்து சங்கத்துப் பீரோவில் பூட்டுதல் வேண்டும். அங்கத்தினரின் ஆதார், வங்கி விவரங்களை, இணைப்பு கிடைத்த எவரும் திறக்கும்படி ஒருபோதும் பகிரலாகாது.

இது சிப்பந்திகளின் காரியம் என்று அங்கத்தினர்கள் வாளாவிருத்தல் தகாது. உழைத்த கூலிக்கும் கட்டிய கடனுக்கும் அக்கோப்புகளே சாட்சி. வரும் மகாசபையில், "நம் கணக்கு யார் பெயரில் இருக்கிறது?" என்று ஒவ்வொருவரும் கேட்க வேண்டுகிறோம்.