கண்ணாடித் தொட்டியிற் கடல்

கடலைக் கண்டு மகிழாதார் இலர். அக்கடலின் ஒரு கூற்றை வீட்டினுட் கொணர்ந்து, வண்ண மீன்களையும் பவளத்தையும் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விழைவோர் இந்நாளிற் பலர். விழைவு நன்றே, ஆயின் அதனைச் சூழ்ந்து நிற்கும் பிழைக் கொள்கைகள் சில உள. அவற்றால் அழிவன உயிர்களாதலின், அவற்றை ஈண்டு ஆராய்தல் தகும்.

“தெளிந்த நீரெல்லாம் தூய நீர்” என்பது முதற்பிழை. என் மாமா உவர்நீர்த் தொட்டியொன்றை அமைத்து, மறுநாளே நான்கு கோமாளி மீன்களை அதில் விட்டார். நீர் பளிங்குபோல் விளங்கிற்று. ஒரு வாரத்துள் நான்கும் மாண்டன. “இவ்வீட்டிற்கு மீன் ராசியில்லை” என்றார் பாட்டியார். யானும் அன்று அதனை நம்பினேன். பின்னர்க் கற்றபொழுதே உண்மை விளங்கிற்று. மீனின் கழிவிலும் எஞ்சிய இரையிலும் தோன்றும் அம்மோனியா என்னும் நஞ்சு கண்ணுக்குப் புலனாகாது. நுண்ணுயிர்களுள் ஒருசாரன அதனை நைட்ரைட்டாகவும், மற்றொருசாரன அந்நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை புதுத் தொட்டியிற் பெருகி நிலைபெறப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதுகாறும் பொறுத்தலும், நீரைச் சோதித்தறிதலும் இன்றியமையாதன.

“சிறு தொட்டியே எளிது” என்பது இரண்டாம் பிழை. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 20 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் குறையின் அவ்வளவு 36.8 கிராமாக உயரும்; 200 லிட்டர் தொட்டியிலோ 35.2 கிராமே ஆகும். குறைந்த நீருக்கு ஈடாக உப்புநீரையே வார்ப்போர் அவ்வேற்றத்தை நிலைபெறச் செய்வர். நன்னீர் வார்த்தலே முறை.

“பவளம் கல்தானே, ஒடித்தால் என்ன?” என்பது மூன்றாம் பிழை; கொடிய பிழையும் அதுவே. பவளம் கல்லன்று, செடியுமன்று. சிற்றுயிர்கள் பல கூடிச் சுண்ணாம்பாற் கட்டிய குடியிருப்பு அது. அவற்றின் உடலினுள் வாழும் நுண்பாசி ஒளியின் துணையால் ஆக்கும் உணவே அவற்றுக்குப் பேருணவு. நீரின் வெம்மை மிகின் அப்பாசி நீங்கும், பவளம் வெளிறும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவில் 2016ஆம் ஆண்டில் இவ்வெளிறல் நேர்ந்தது. அத்தகைய துன்பத்துக்கு உட்பட்ட உயிரை நாமும் ஒடித்தல் அறமாகுமோ? சட்டமும் அதற்கு இடந்தரவில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் கற்பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன.

“கடற்சாமந்தியின்றிக் கோமாளி மீன் வாழாது” என்பாரும் உளர். கடலிற் பகைமீன்களுக்கு அஞ்சியே அது கடற்சாமந்தியைச் சார்கின்றது. பகையற்ற தொட்டியில் அது இன்றியும் நன்கு வாழும். மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனம்பெருக்கி வளர்த்துள்ளனர்.

ஆதலின் யான் கருதுவது இதுவே: பவளத்தைக் கடலிலேயே விட்டுவைத்து, பண்ணையிற் பிறந்த மீன்களை மட்டும் நாம் வீட்டில் வளர்ப்போமாக. பவளம் காண விழையும் நண்பர்கள் அதனைக் கடலிற் சென்று காண்க. அங்கே அது உயிருடன் இருத்தல் வேண்டும். அதுவே நம் பொறுப்பு.