ஆண் கழுதைகளை எண்ணுங்கள்

புத்தளம் – கற்பிட்டி வீதியில் கழுதை ஒன்று வாகனத்தில் அடிபட்டால் அது செய்தியாகிறது. குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று செத்தால் முகநூலில் படமாகிறது. இரண்டு முறையும் எழுகிற குரல் ஒன்றுதான்: கழுதைகள் குறைகின்றன, எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். நியாயமான குரல். ஆனால் எண்ணப் போகிறவர்கள் தலையை மட்டும் எண்ணிவிட்டு வந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். எத்தனை ஆண், அவற்றில் எத்தனை குட்டி போட வைக்கின்றன என்ற கேள்விதான் இந்தக் கூட்டத்தின் ஆயுளைத் தீர்மானிக்கப் போகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நாற்பது பெண் கழுதைகளும் இரண்டு ஆண்களும் உள்ள கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு நாற்பத்திரண்டு. இனப்பெருக்க அறிவியலின் கணக்கில் அது எட்டுக்கும் குறைவு. பெண்களின் எண்ணிக்கையையும் ஆண்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது 7.6. இதைப் 'பயனுறு எண்ணிக்கை' என்பார்கள். இப்போது பெண்களை எண்பதாக்குங்கள். கூட்டம் இரட்டிப்பாகிறது, பயனுறு எண்ணிக்கை 7.8. மாறாக, பெண்களை நாற்பதிலேயே விட்டு ஆண்களை எட்டாக்கினால் அது 27ஐத் தொடுகிறது. நாற்பது பெண் கழுதைகள் தராததை ஆறு ஆண் கழுதைகள் தருகின்றன.

இந்த எண்ணுக்கு ஏன் இத்தனை மதிப்பு? அது எட்டுக்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் உறவுக் கலப்பு ஆறு, ஏழு விழுக்காடு ஏறும். தகப்பன் ஒன்று, தாய் வேறு என்ற இரு கழுதைகள் சேர்ந்து பிறக்கும் குட்டிக்கு அது 12.5 விழுக்காடு, தகப்பனும் மகளும் சேர்ந்தால் 25. ஐ.நா. உணவு விவசாய அமைப்பு கால்நடை இனங்களுக்குச் சொல்லும் எல்லை தலைமுறைக்கு ஒரு விழுக்காடு, அதாவது பயனுறு எண்ணிக்கை ஐம்பது. கழுதைக்கு வயிற்றில் குட்டி ஓராண்டு தங்கும். ஒரு தலைமுறை மாற எட்டுப் பத்து ஆண்டுகள் போகும். எனவே கேடு மெதுவாகத்தான் வரும். சினை தங்காமை, பிறந்த குட்டி நிலைக்காமை, நோய்க்குச் சுலபத்தில் விழுதல் என்று வரும்போது வறட்சியின் மீதும் குப்பையின் மீதும் பழி போட்டுவிடுவோம்.

காட்டில் நடப்பது என் கணக்கைவிடக் கடுமை. வறண்ட திறந்த நிலத்தில் வலுத்த ஆண் கழுதை ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கே வரும் பெண்களோடு தானே சேரும். பத்து ஆண்கள் மேய்ந்தாலும் குட்டிக்குத் தகப்பன் இரண்டு மூன்றாக இருக்கலாம்.

இங்கேதான் காயடிப்பு முகாம்களைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. கூட்டம் பெருகி வீதிக்கு வருவதைத் தடுக்கக் காயடிப்பது தவறல்ல. ஆனால் எந்தக் கழுதையைக் காயடிப்பது என்பது ஒரு வளர்ப்பு முடிவு. கயிற்றில் முதலில் அகப்பட்டதைக் காயடித்துவிட்டு, மூர்க்கமாகத் திமிறிய ஒன்றை விட்டுவிட்டால், அடுத்த பத்து ஆண்டுக் குட்டிகளுக்குத் தகப்பன் யாரென்று நாமே தீர்மானித்தவர்களாகிறோம். ஏற்கெனவே நிறையக் குட்டிகளுக்குத் தகப்பனாகிவிட்ட கழுதையைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். குட்டியே போட வைக்காத இளசுகளைக் கொஞ்ச காலம் விட்டுவைக்க வேண்டும்.

எங்கள் ஊர் ஆடு வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஓரிரு வருடத்துக்கொரு முறை கிடாயை மாற்றாத பட்டி தேறாது என்று அவர்களுக்குத் தெரியும். குதிரை, கழுதை விஷயத்தில் மட்டும் அந்த அறிவு வளரவில்லை. காரணம் பழையது. மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில், பாண்டியரின் காயல் துறைக்கு அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். நல்ல குதிரை அந்நாட்டில் நல்ல குட்டி போடாது, அதனால் ஆண்டுதோறும் வாங்கினார்கள் என்கிறார். வாங்கிப் பழகிய கடற்கரை இது. எந்தப் பொலிக்குதிரைக்கு எந்தக் குட்டி என்று பதிந்து வைக்கும் பழக்கம் வராமலே போனது.

பதிவு என்ன செய்யும் என்பதற்கு மங்கோலியாவின் பிரசெவால்ஸ்கி குதிரை சாட்சி. 1960களின் இறுதியில் காட்டில் அது அற்றுப்போனது. இன்று வாழும் அத்தனைக்கும் மூதாதைகள், பிடிபட்ட பன்னிரண்டு காட்டுக் குதிரைகளும் ஒரு வீட்டுக் குதிரையும்தான். பிராக் விலங்கியல் பூங்கா குட்டி குட்டியாக வம்சப் பதிவேடு வைத்தது. பூங்காக்கள் அதைப் பார்த்து ஆண்களை மாற்றிக்கொண்டன. 1992இல் அவை மங்கோலியப் புல்வெளிக்குத் திரும்பின. கழுதையிலும் உதாரணம் உண்டு. பிரான்சின் புவாத்து இனத்தில் 1977இல் மிஞ்சியவை 44. போர்த்துக்கல்லின் பெண் கழுதைகளைக் கலந்து, தலைமுறை தலைமுறையாகப் பழைய இனத்தோடு மீண்டும் சேர்த்து அதைத் தூக்கி நிறுத்தினார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: 1913இல் மூன்றே பொலிக்குதிரைகளில் இருந்து மீண்ட நெதர்லாந்தின் பிரீசியன் குதிரையில் குள்ளக் குட்டிகளும் தலையில் நீர் கோத்த குட்டிகளும் இன்றும் பிறக்கின்றன.

நமக்குப் பக்கத்து எச்சரிக்கை நெடுந்தீவு. போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் வளர்த்து, பிறகு கைவிடப்பட்ட குதிரைகள் அங்கே கடலால் அடைபட்டுக் கிடக்கின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக்கப்பட்டது. நிலத்துக்குப் பாதுகாப்பு வந்தது, இரத்தத்துக்கு வரவில்லை.

கற்பிட்டிக் குடாநாடு தீவல்ல என்றாலும் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக முக்கால் தீவுதான். அங்குள்ளவற்றுக்கும் மன்னார்க் கழுதைகளுக்கும் நடுவே வில்பத்துக் காடு. தானாக ஒரு கழுதை இங்கிருந்து அங்கே போய்ச் சேராது. தலைமுறைக்கு ஒன்றிரண்டு விலங்குகள் இரு கூட்டத்துக்கிடையே மாறினாலே உறவுக் கலப்பு பெருமளவு தணியும் என்பது மரபியலின் பழைய பாடம். ஆகவே என் யோசனை பெரிய செலவில்லாதது. பிடரி மயிரை வேரோடு பிடுங்கி இரு கூட்டத்தின் மரபணுவையும் ஒப்பிடலாம். எந்தக் குட்டி எந்தத் தாயோடு திரிகிறது என்று முதுகுச் சிலுவைக்கோட்டைப் படமெடுத்துப் பதியலாம். பிறகு நல்ல இளம் ஆண்களாகப் பார்த்து இரண்டு மூன்றை மாற்றிக்கொள்ளலாம்.

புதுக் கழுதை புது நோயைக் கொண்டு வரும் என்ற ஆட்சேபம் சரியானது. இரத்தப் பரிசோதனையும் சில வாரத் தனிமையும் கட்டாயம். மன்னாரில் பிரிட்ஜிங் லங்கா அமைப்பின் கழுதைச் சிகிச்சை நிலையம் இருப்பதால் அந்தப் பக்கம் கைதேர்ந்தவர்கள் உண்டு. இந்தப் பக்கம் யார் பொறுப்பேற்பது என்பதுதான் சிக்கல். சொந்தக்காரன் இல்லாத கழுதையைக் கால்நடை என்பதா, காட்டு விலங்கு என்பதா? கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும் வனஜீவராசிகள் திணைக்களமும் அதை ஒரே மேசையில் பேசி முடிக்கட்டும். கழுதைகளை ஏற்றிவர வில்பத்துவினூடான பாதை வேண்டியதில்லை. மன்னாரிலிருந்து மதவாச்சி, அனுராதபுரம் வழியாக ஒரு லொறி காலையில் கிளம்பினால் அன்றைக்கே புத்தளம் வந்து சேர்ந்துவிடும்.