செங்கம் முதல் மேல்மா வரை: இடம் மாறும் கண்டனங்கள்

2018 செப்டம்பர் 8. சென்னை – சேலம் எட்டு வழிச் சாலையால் நிலம் இழக்கவிருந்த விவசாயிகளைப் பார்க்க, ஸ்வராஜ் இந்தியா தலைவர் யோகேந்திர யாதவ் செங்கம் பக்கம் வந்தார். விவசாயிகளிடம் போய்ச் சேர்வதற்குள் போலீஸார் மறித்து, வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பே, அதே சாலையை எதிர்த்துப் பேசியதற்காக நடிகர் மன்சூர் அலிகானும், சூழலியலாளர் பியூஷ் மானுஷும் கைதாகியிருந்தார்கள். 277 கிலோமீட்டர் நீளச் சாலை, ஐந்து மாவட்டங்கள். அதில் திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் அதிக நீளம். கிணற்றுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே அதிகாரிகள் அளவைக் கல் நட்டுக்கொண்டே போக, பின்னாலேயே காவல் துறை நின்றது.

அப்போது முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி. சாலை வந்தால் பயண நேரம் குறையும், விபத்து குறையும், மாநிலம் வளரும் என்றார். எதிர்க்கட்சியான திமுக கைதுகளைக் கண்டித்தது. கருத்துரிமை பற்றி அன்றைக்கு அந்தக் கட்சி மேடைகளில் பேசப்பட்டவை எல்லாம் சரியான பேச்சுகள், அதில் சந்தேகமில்லை.

ஐந்து ஆண்டு கழித்து, ஆட்சி திமுகவிடம் வந்த பிறகு, அதே மாவட்டத்தின் இன்னொரு மூலை. செய்யாறு அருகே மேல்மா. சிப்காட் தொழிற்பேட்டையின் மூன்றாவது விரிவாக்கத்துக்காக 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் திட்டம். விவசாயிகள் நூறு நாளுக்கும் மேல் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். 2023 நவம்பரில் கைது தொடங்கியது. பிடிபட்டவர்களில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. ஏர் பிடிக்கிறவர் குண்டரா என்று மாநிலமே கேட்டது. பழனிசாமி கண்டித்தார். பாமகவின் அன்புமணி கண்டித்தார். திமுகவின் தோழமைக் கட்சியான மார்க்சிஸ்ட் கட்சியாலும் வாய் மூடி இருக்க முடியவில்லை. இரண்டே நாளில் ஆறு பேர் மீதான உத்தரவைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். ஏழாமவருக்கு அந்தக் கருணை அன்று கிடைக்கவில்லை.

இரண்டு சம்பவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. வசனம் மாறவில்லை, பேசுகிறவர்கள்தான் இடம் மாறியிருக்கிறார்கள். 2018-ல் “வளர்ச்சி” என்று சொன்னவர் 2023-ல் “விவசாயி வயிற்றில் அடிக்காதே” என்கிறார். 2018-ல் விவசாயி பக்கம் நின்றவர்கள் 2023-ல் தொழிற்சாலை, வேலைவாய்ப்பு என்று விளக்கம் சொல்கிறார்கள். இடையில், 2022-ல், நெடுஞ்சாலைத் துறை அமைச்சரும் திருவண்ணாமலைத் தொகுதி உறுப்பினருமான எ.வ.வேலு, எட்டு வழிச் சாலையைத் திமுக எதிர்க்கவே இல்லை, விவசாயிகளைக் கலந்து பேசச் சொன்னோம், அவ்வளவுதான் என்ற பொருளில் பேசினார். செங்கத்தில் கல் நட்டபோது அழுதவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம். பாமகவும் இதில் விலக்கில்லை. எட்டு வழிச் சாலையை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர் அன்புமணி. 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தபோது, அவருடைய கட்சி அந்தச் சாலையைப் போட நினைத்த அதிமுகவோடு கூட்டணி வைத்து மக்களவைத் தேர்தலில் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

கட்சி மாறுவதோ கூட்டணி மாறுவதோ திருவண்ணாமலைக்குப் புதிதில்லை. 1963 இடைத்தேர்தலில் திமுகவின் ப.உ.சண்முகத்தை இந்த ஊர் ஜெயிக்க வைத்தது. காங்கிரஸுக்கு அது பெரிய அதிர்ச்சி. நான்கே ஆண்டில், மாநிலமெங்கும் உதயசூரியன் அலை அடித்த 1967-ல், இதே ஊர் பிடிவாதமாகக் காங்கிரஸ் பக்கம் போனது. சண்முகம் பிறகு அதிமுகவுக்குப் போய் எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இடம்பெற்றார். எ.வ.வேலு முதலில் சட்டமன்றத்துக்குப் போனது 1984-ல், அதிமுக உறுப்பினராக. ஆளைப் பார்த்தும் கொடியைப் பார்த்தும் மாறி மாறி வாக்களித்துப் பழகிய மண் இது. ஆகவே புகார் கட்சி தாவலைப் பற்றியதல்ல. கொடியோடு சேர்ந்து நியாயத்தின் அளவுகோலும் தாவிவிடுகிறதே, அதுதான் புகார்.

தமிழனுக்கு மட்டுமே உள்ள வியாதி என்றும் இதைச் சொல்ல முடியாது. 2016 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்தது. வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரம் கேலப் நிறுவனம் மக்களிடம் கேட்டபோது, குடியரசுக் கட்சியினரில் 16 சதவீதத்தினர்தான் நாட்டின் பொருளாதாரம் முன்னேறுகிறது என்றார்கள். டிரம்ப் வென்ற மறுநாளிலிருந்து கேட்டபோது அது 49 சதவீதம். ஜனநாயகக் கட்சியினரிடம் 61-லிருந்து 46 ஆக இறங்கியது. அந்த ஒரு வாரத்தில் விலைவாசி மாறவில்லை, சம்பளம் மாறவில்லை. டிரம்ப் பதவியே ஏற்கவில்லை. வெள்ளை மாளிகைக்கு யார் வரப்போகிறார் என்ற செய்தி ஒன்றே, நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிய கருத்தை மாற்றிவிட்டது. ஆறு ஆண்டு கழித்து பியூ ஆய்வு மையம் கேட்டபோது, குடியரசுக் கட்சியினரில் 72 சதவீதமும் ஜனநாயகக் கட்சியினரில் 63 சதவீதமும் எதிர்க்கட்சிக்காரர்கள் மற்ற அமெரிக்கர்களைவிட ஒழுக்கம் கெட்டவர்கள் என்றார்கள். 2021 ஜனவரி 6-ல் நாடாளுமன்றத்துக்குள் கூட்டம் புகுந்ததும், 2024 ஜூலையில் பட்லர் நகரப் பொதுக்கூட்டத்தில் டிரம்பை நோக்கித் துப்பாக்கி வெடித்ததும் அந்த மண்ணில்தான்.

ஆனால் அந்த நாட்டுக்கு ஒரு காப்பு இருக்கிறது. 1960-களில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவாக நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு விளம்பரத்தில் சில தகவல் பிழைகள் இருந்தன. அலபாமாவின் மான்ட்காமரி நகர நிர்வாகி சல்லிவன் வழக்குப் போட்டார்; கீழ் நீதிமன்றம் ஐந்து லட்சம் டாலர் தரச் சொன்னது. 1964-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பதவியில் இருப்பவரைப் பற்றிப் பொய் என்று தெரிந்தே எழுதினார், அல்லது உண்மையா என்று கொஞ்சமும் கவலைப்படாமல் எழுதினார் என்று நிரூபித்தால்தான் இழப்பீடு. வெறும் தவறு போதாது. எத்தனை வெறுப்பு மண்டினாலும், அதிபரைத் திட்டியவனை அரசு வழக்கறிஞரை வைத்து நீதிமன்றத்துக்கு இழுக்கும் வேலை அங்கே சுலபமில்லை.

நமக்கும் அப்படி ஒரு தீர்ப்பு உண்டு. அதை வாங்கித் தந்தது ஒரு தமிழ் வாரப் பத்திரிகை. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடவிடாமல் அதிகாரிகள் மிரட்டியபோது நக்கீரன் உச்ச நீதிமன்றம் போனது. 1994-ல் வந்த ராஜகோபால் வழக்குத் தீர்ப்பில், பதவிக் கடமை தொடர்பான விமர்சனத்துக்காக அதிகாரிகள் இழப்பீடு கேட்பதற்குக் கிட்டத்தட்ட அமெரிக்க அளவுகோலையே நீதிபதி ஜீவன் ரெட்டி வைத்தார். ஆனால் அது உரிமையியல் வழக்குக்குத்தான். அவதூறைக் குற்றமாகப் பார்க்கும் சட்டம் அப்படியே இருக்கிறது; 2016-ல் உச்ச நீதிமன்றமே அது செல்லும் என்று சொல்லிவிட்டது. அதிலும் ஒரு சிறப்பு வசதி: முதலமைச்சரோ அமைச்சரோ தன் பெயர் கெட்டுவிட்டது என்றால், அவருக்காக அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். வக்கீல் செலவு மக்கள் வரிப்பணம். திட்டு வாங்கியது அமைச்சர், பணம் கட்டுவது திட்டியவனும் சேர்த்து!

இந்த வசதியை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஜெயலலிதா ஆட்சியில் ஐந்தாண்டில் போடப்பட்ட அவதூறு வழக்குகள் 213 என்று 2016-ல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அதில் 85 திமுகவினர் மீது, 55 ஊடகங்கள் மீது. பொது வாழ்வில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்கத்தான் வேண்டும் என்று நீதிபதிகள் கண்டித்தார்கள். 2021-ல் ஆட்சிக்கு வந்த ஸ்டாலின், பத்திரிகையாளர்கள் மீதான 90 வழக்குகளை வாபஸ் வாங்கினார். நல்ல காரியம். ஆனால் வசதியை மூடவில்லை. 2023 மே மாதம் பாஜகவின் அண்ணாமலை மீது அதே வழியில், முதலமைச்சருக்காக அரசு வழக்கறிஞர் அவதூறு வழக்குத் தொடுத்தார். அதிமுகவின் சி.வி.சண்முகம் மீதும் இப்படி வழக்குகள் வந்தன.

கேலிச்சித்திரத்தின் கதை இன்னும் சுவையானது. 1987-ல், எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்த அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விடுவிக்க வேண்டிவந்தது. 2003-ல் ‘தி இந்து’ ஆசிரியர் குழுவினருக்கு 15 நாள் சிறை என்று மன்றம் தீர்மானித்தது. உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2017-ல் நெல்லை ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பைப் பற்றி வரைந்ததற்காகக் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். அதிமுக ஆட்சிகள்தானே என்று திமுக அனுதாபிகள் தலையாட்டலாம். 2024-ல் யூடியூபர் சவுக்கு சங்கர் மீது குண்டர் சட்டம் போட்டது எந்த ஆட்சி? அந்தக் காவலையும் உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்தது. அவருடைய பேச்சில் பல ஏற்க முடியாதவை. ஆனால் பேச்சுக்கான சட்டம் வேறு, குண்டர் சட்டம் வேறு. சரி, இரண்டு கழகமும் இப்படித்தான் என்று பாஜகவினர் சிரித்தால், 2025 பிப்ரவரியை நினைவூட்ட வேண்டும். டிரம்ப் பக்கத்தில் விலங்கு மாட்டிய பிரதமர் மோடி உட்கார்ந்திருப்பதாக விகடன் பிளஸ் இதழ் சித்திரம் போட்டது. அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டுத் திருப்பி அனுப்பிய நாள்கள் அவை. மாநிலத்தில் கருத்துரிமைக்காக முழங்கிய அண்ணாமலை புகார் கொடுத்தார். விகடன் இணையதளமே முடங்கியது. அதைத் திறக்க உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

“அந்தக் காலத்துத் தலைவர்கள் அப்படியா?” என்று பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. அவர்கள் காட்டும் உதாரணங்களில் ஒன்று திருவண்ணாமலையிலேயே நடந்தது. 1949 மே மாதம், பெரிய கோயிலில் பாதாள லிங்கத்தைத் திறந்துவைக்கக் கவர்னர் ஜெனரல் ராஜாஜி வந்திருந்தார். ரயில் நிலையத்தில் பெரியார் அவரைச் சந்தித்தார். ஒருவர் சன்னிதி திறக்க வந்தவர், மற்றவர் சாமியே இல்லை என்றவர். என்ன பேசினீர்கள் என்று கட்சிக்குள்ளேயே கேட்டார்கள். சொந்த விஷயம் என்றார் பெரியார். அதற்குப் பிறகு மணியம்மையுடன் திருமணம், அதனால் கட்சியில் பிளவு, செப்டம்பர் 17-ல் திமுக உதயம். பிரிந்தவர்களைக் ‘கண்ணீர்த்துளிகள்’ என்று பெரியார் ஏளனம் செய்தார். 1967-ல் பார்த்தால், எந்த ராஜாஜியைச் சந்தேகித்தார்களோ அவர் திமுக கூட்டணியில். பெரியார் காங்கிரஸ் மேடையில். ஜெயித்த அண்ணா நேரே திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார்.

அழகான கதைதான். ஆனால் அதே காலத்தில், 1965 மொழிப் போரின்போது, காங்கிரஸ் ஆட்சி கருணாநிதியை விசாரணையில்லாமல் பாளையங்கோட்டைச் சிறையில் தனிமையில் வைத்திருந்தது. பொற்காலம் என்று ஒன்று இருந்ததில்லை. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-ல், மிசாவில் சிறைப்பட்டு அடிபட்டவர் ஸ்டாலின். தடுப்புக் காவல் என்றால் என்ன என்று ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இல்லாத கட்சி அது. அதனால்தான் மேல்மா, செங்கத்தைவிட ஒரு படி கூடுதலாக உறுத்துகிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி கொண்டுவந்த குண்டர் சட்டம் ஒருவரை ஜாமீனில்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்க இடம் தருகிறது. அதற்குப் பிறகு இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டன. எதிர்வரிசையில் இருக்கும்போது திட்டாத கட்சி இல்லை. ஆளும் வரிசைக்குப் போனபின் கைவிட்ட கட்சியும் இல்லை.

மேடையில் காரசாரமாகத் திட்டிக்கொள்வதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. தமிழ் அரசியல் அப்படித்தான் வளர்ந்தது. மென்மையாகப் பேசச் சொல்வது பெரும்பாலும் ஆள்பவருக்குத்தான் வசதி. கவலை, திட்டியவனைத் தேடிப் போலீஸ் வண்டி போவதைப் பற்றியது. அந்த வண்டி யாருடைய வீட்டுக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு நியாயம் பேசும் தொண்டர்களைப் பற்றியது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எட்டுச் சட்டமன்றத் தொகுதிகள். அடுத்த முறை கும்பிட்டபடி வருகிற வேட்பாளரிடம் இரண்டு உறுதி எழுத்தில் கேளுங்கள்: போராடுகிறவர்கள் மீதும் விமர்சிக்கிறவர்கள் மீதும் குண்டர் சட்டம் பாயாது, அமைச்சர்களின் மானத்துக்கு அரசுச் செலவில் வழக்கு இல்லை. எதிர்க்கட்சி வேட்பாளரிடம் கேட்பது எளிது, அவர் உடனே தலையாட்டிவிடுவார். நீங்கள் வாக்களிக்கப்போகும் கட்சிக்காரரிடம் முதலில் கேளுங்கள்.