சீருடை போனால் சல்யூட்டும் போகுமா?

சென்ற கார்த்திகையில் என் தாய்மாமன் தில்லிக்கு வந்திருந்தார். பட்டாளத்தில் இருபத்திரண்டு ஆண்டு உழைத்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இப்பொழுது ஊரில் வயலைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். குதுப்மினாரா, செங்கோட்டையா, எதை முதலில் பார்ப்பது என்று கேட்டேன். "பேர் வெட்டின கல்லு இருக்குதாமே, அங்கே கூட்டிப் போ மாப்பிள்ளை" என்றார்.

தேசியப் போர் நினைவகத்திற்குப் போனோம். 2019 பிப்ரவரி 25-ஆம் நாள் திறக்கப்பட்ட இடம் அது. விடுதலைக்குப் பின் போர்களிலும் பிற களங்களிலும் உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே கருங்கல் சுவர்களில் பொன்னெழுத்தில் நிற்கின்றன. மாமா வெகுநேரம் தேடி ஒரு பெயரைக் கண்டுபிடித்தார், விரலால் தடவினார். பிறகு இரண்டடி பின்வாங்கி, குதிகால்களைச் சேர்த்து, கையை உயர்த்தினார். உடம்பில் ஸ்வெட்டர், தலையில் மப்ளர்.

நான் என்.சி.சி.யில் பயின்றவன். படித்த பாடம் சும்மா இருக்க விடுமா? "மாமா, சீருடையும் தொப்பியும் இல்லாமல் சல்யூட் செய்யக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். உயர்ந்த கை பாதியிலேயே இறங்கிற்று. மெட்ரோவில் திரும்பும்போது அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நண்பர்களே, நான் சொன்னது பொய்யன்று. சல்யூட் என்பது தனி மனிதனின் மரியாதை அன்று, படையின் மரியாதை. நம்முடைய 2002-ஆம் ஆண்டுக் கொடி விதியும், கொடியேற்றும்போது எல்லோரும் கொடியை நோக்கி நேராக நிற்கவேண்டும், சீருடையில் இருப்போர் சல்யூட் செய்யவேண்டும் என்றே பிரித்துச் சொல்கிறது. 2015 குடியரசு நாள் அணிவகுப்பில் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரி சல்யூட் செய்யவில்லை என்று பலர் ஏசினர். சாதாரண உடையில் இருப்பவர் நேராக நிற்பதே முறை என்று அவருடைய அலுவலகம் விளக்கிற்று. முறையை அறிந்தவர் அவர், ஏசியவர்களே அறியாதவர்கள்.

அப்படியானால் என் மாமா செய்தது தவறா? தவறில்லை என்பதே இன்று என் கருத்து.

விதி பணியில் இருப்பவனைக் கட்டுவது. ஓய்வு பெற்றவனுக்கு ஆணையிட அதிகாரி இல்லை. அவன் செய்யும் சல்யூட்டால் குலையக்கூடிய அணியும் இல்லை. அவன் கற்ற மரியாதை மொழி அது ஒன்றுதான். இறந்துபோன தோழனும் அறிந்த மொழி அதுவே. அமெரிக்காவில் கொடி ஏறும்போதும் தேசிய கீதம் ஒலிக்கும்போதும் முன்னாள் படைவீரர்கள் சாதாரண உடையிலேயே சல்யூட் செய்யலாம் என்று 2008-இல் சட்டமே செய்தார்கள். அவர்களைப் பார்த்து நாமும் செய்யவேண்டும் என்பதில்லை. ஒழுங்கில் கண்டிப்பான படையை உடைய நாடும் இதனால் கெட்டுப் போய்விடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

"வழிவழி வந்த முறையை மாற்றலாமா?" என்று கேட்பீர்கள். அருகில் நிற்கும் இந்தியா கேட்டையே பாருங்கள். 1921-இல் அடிக்கல் நாட்டி 1931-இல் வெள்ளையர் ஆட்சி திறந்து வைத்த வளைவு அது. 1971 போருக்குப் பின், 1972 குடியரசு நாளில், அதன் அடியில் அமர் ஜவான் ஜோதியை ஏற்றினோம். 2022 ஜனவரியில் அந்தச் சுடரைப் புதிய நினைவகத்துச் சுடரோடு சேர்த்தோம். சரியோ தவறோ, சுடரையே இடம் மாற்றிய நாம், ஒரு கிழவரின் கைக்கு இடம் தரமாட்டோமா?

நடுகல் நட்ட இனம் நம் இனம். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை அதற்கு வரன்முறை வகுத்தது தொல்காப்பியம். முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறை எதற்காக வந்தது என்பதை மறக்கலாகாது என்றே சொல்கிறேன். மாண்டவனை மதிப்பதற்காக வந்த முறை, அவனுடன் நின்றவனைத் தலைகுனிய வைக்கலாமா?

போலிகளும் சல்யூட் செய்வார்களே என்பர் சிலர். செய்யட்டும். பத்துப் போலிக் கைகள் உயர்ந்தாலும் பாதகமில்லை. உண்மையான கை ஒன்று இறங்கக்கூடாது.

ஆனால் இரண்டு சொல்வேன். சல்யூட் செய்யாமல் நேராக நிற்கும் முன்னாள் வீரரை யாரும் குறை கூறவேண்டாம். அதுவும் முழு மரியாதையே. சீருடையே அணியாத நாம் புகைப்படத்திற்காக நெற்றியில் கை வைக்கவும் வேண்டாம். நமக்கு உரியது மௌனம்.

ஊருக்குப் போன மாமாவிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். "நான் எங்கே செஞ்சேன் மாப்பிள்ளை, கை தானாப் போச்சு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நண்பர்களே, பரம்வீர் சக்கரம் பெற்ற வீரர்களின் மார்பளவுச் சிலைகளும் அங்கே உள்ளன. 1987-இல் இலங்கையில் உயிர்நீத்த மேஜர் இராமசாமி பரமேசுவரன் அவர்களில் ஒருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். அங்கே ஸ்வெட்டர் போட்ட முதியவர் ஒருவர் கல்லின்முன் கையை உயர்த்தினால், உங்கள் பேச்சை நிறுத்துங்கள். அவர் கை தானாக இறங்கும் வரை அசையாமல் நில்லுங்கள்.