யாக்கோபின் கிணறும் யாழ்ப்பாணத்துக் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கியாற்றை நம்பி எவரும் உலை வைத்ததில்லை. சுண்ணக்கற் பாறையைக் குடைந்து இறக்கிய கிணறுகளே இந்நிலத்தின் குடிநீருக்கும் பயிர்நீருக்கும் ஆதாரம். ஆதலின் நற்செய்தி நூல்களில் வரும் கதைகளுள் யாழ்ப்பாணத்தவருக்கு மிக எளிதில் விளங்கியிருக்க வேண்டியது, யோவான் நான்காம் அதிகாரத்துக் கிணற்றடிக் கதையே. அது விளங்கியதா என்பதே வினா.

ஓய்வுநாட் பாடசாலைகளிலும் பிரசங்க பீடங்களிலும் அக்கதையிலிருந்து அன்றாட வாழ்வுக்கென வடித்தெடுக்கப்படும் பாடங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஐந்து கணவரை உடையவளாயிருந்த பெண்ணின் ஒழுக்கம் பற்றியது. மற்றது, ஆன்மதாகம் பற்றியது. முன்னது கேட்போரைத் தம் ஒழுக்கத்தை எண்ணிப் பெருமிதங் கொள்ளச் செய்கிறது. பின்னது எவரையும் நோகச் செய்வதில்லை. (அவள் கணவரை இழந்தவளா, கணவரால் தள்ளப்பட்டவளா என்பதைக் கதை சொல்லவில்லை. மணமுறிவு ஆடவர் கையிலிருந்த ஒரு சமுதாயத்தில் அவளை ஒழுக்கங் கெட்டவளென முடிவு கட்டியது உரைகாரர் சேர்த்த சரக்கு.) இவ்விரு பாடங்களுக்கும் முன்னதாகக் கதையில் நிகழ்வது ஒன்றுண்டு. அதுவே பாடமாக்கப்படாதது.

நேரம் நடுப்பகல். நடந்து களைத்த யூதர் ஒருவர் கிணற்றடியில் அமர்ந்திருக்கிறார். நீர் மொள்ள அவரிடம் கலம் எதுவும் இல்லை. தண்ணீர் அள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் குடிக்கக் கேட்கிறார். அவள் திகைக்கிறாள். யூதர் சமாரியரோடு புழங்குவதில்லை என்று நூலாசிரியர் அவ்விடத்தில் குறுக்கிட்டு விளக்கந் தருகிறார். அங்கு ஆளப்பட்ட கிரேக்கச் சொல்லுக்கு, ஒரே கலத்தைச் சேர்ந்து பயன்படுத்துவதில்லை எனப் பொருள் கொள்வாரும் உளர். 1961இல் வெளிவந்த ஆங்கிலப் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ஒன்று அப்பொருளையே ஏற்றது. 'புழங்குதல்' என்ற சொல்லை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்க அகராதி வேண்டியதில்லை. எவர் எவரோடு புழங்குவர், எவர் வீட்டில் செம்பு எடுப்பர், எவர் வீட்டில் எடார் என்பது இங்கே பிள்ளைகள் எழுத்தறியுமுன் அறிந்துகொண்ட பாடம். உதடு படாது அண்ணாந்து குடிப்பதற்கென மூக்கு வைத்த பேணியைச் செய்துகொண்ட சமுதாயம், அப்பேணியைக்கூடச் சிலருக்குக் கொடாது சிரட்டையிலும் பிளாவிலும் ஏந்திய கையிலும் நீர் வார்த்தது. பனையேறி இறக்கிய கள்ளும் கருப்பநீரும் ஏற்புடையனவாயின. அவன் வீட்டுத் தண்ணீர் ஏற்புடையதாகவில்லை. அவன் கை பட்ட துலாக்கொடி கிணற்றையே தீட்டாக்கியது.

இயேசு செய்தது யாதெனில், அக்கலத்தைக் கேட்டமையே. மேலோர் கீழோருக்கு இரங்கித் தண்ணீர் வார்த்த கதையன்று இது. தாழ்ந்தவளாகக் கருதப்பட்டவளிடம் உயர்ந்தவராகக் கருதப்பட்டவர் கையேந்திய கதை. தருமஞ் செய்வதை யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவம் நன்றாகவே கற்றுக்கொண்டது. கையேந்துவதை அது கற்கவில்லை.

1816இல் குடாநாட்டில் நிலைகொண்ட அமெரிக்க மிசனரிமாரின் பணியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியும், 1824இல் தொடங்கிய உடுவில் பெண் பாடசாலையும், மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தமிழிலே மேலைமருத்துவம் கற்பித்ததும் இந்நாட்டின் வரலாறு. ஆயினும் அவர்தம் தொடக்ககால விடுதிப் பள்ளிகளில் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்தல் தகும். உயர்சாதிப் பிள்ளைகள் மிசன் வளவில் சமைத்ததை உண்ண மறுத்தனர். அவ்வளவுக் கிணற்று நீரைக் குடிக்கவும் தயங்கினர். அடுத்திருந்த சைவர் ஒருவரின் நிலத்திலே தனிச் சமையற்கூடம் அமைத்து அவர்களுக்கு உணவளிக்க வேண்டியதாயிற்று. ஈண்டு தீண்டத்தகாதவர் வெள்ளைக்காரரே. சமாரியரின் இடத்தில் நின்றவர் அவரே. காலப்போக்கில் அப்பிள்ளைகளும் அவர்தம் வழிவந்தோரும் மிசன் வளவிலே உண்டனர், கிறிஸ்தவராயினர், ஆசிரியராயினர், உத்தியோகத்தராயினர். வெள்ளைக்காரரோடு புழங்கும் தடை நீங்கிற்று. தமக்குக் கீழ்ப்பட்டோராகத் தாம் எண்ணியவரோடு புழங்கும் தடை நீங்கவில்லை. ஆலயத்துள்ளும் தனித்தனி இருக்கை, சில ஊர்களில் சாதிக்கொரு ஆலயம் என அது உருமாறி நின்றது.

விட்டுக்கொடாதிருந்தால் ஒரு பிள்ளையும் பள்ளிக்கு வந்திராது என்று இதற்குச் சமாதானங் கூறுவர். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் விட்டுக்கொடுப்பு எப்போது முடிவுறும் என்று எவரும் நாள் குறிக்கவில்லை. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசு, தீண்டாமையை எதிர்த்துச் சமபந்தி போசனத்தை நடைமுறைப்படுத்த முயன்றபோது, முதல் மிசனரி வந்து ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது. 1930ஐ ஒட்டிய காலத்தில் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்பட்டமைக்கு எழுந்த எதிர்ப்பு, பள்ளிக் கட்டடங்களுக்குத் தீ வைக்கும் அளவுக்குச் சென்றது. கிணறும் தேநீர்க் கடையும் ஆலயமும் எவருக்கும் மறுக்கப்படலாகாதென 1957இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அது போதாமையால் 1971இல் திருத்தவும் வேண்டியிருந்தது. இவற்றுக்கிடையே 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், தேநீர்க் கடைகளில் சமமாக அமர்வதற்கான போராட்டங்களும் நிகழ்ந்தன. யாக்கோபின் கிணற்றடியில் ஒரு நடுப்பகலில் நிகழ்ந்ததை யாழ்ப்பாணத்தில் நிகழ்த்தியவை சட்டமும் தெருவுமேயன்றிப் பிரசங்கமன்று.

1968இல் மாவிட்டபுரத்தில் அடைக்கப்பட்ட கதவைக் காட்டி, சாதி சைவரின் நோய் எனக் கிறிஸ்தவர் கை கழுவிக்கொள்வதுண்டு. கை கழுவுதலுக்கும் நற்செய்தி நூல்களில் ஒரு முன்மாதிரி உண்டு. அதைப் பின்பற்றுவோர் பிலாத்துவின் பெயரை மட்டும் சொல்வதில்லை. பத்திரிகைகளின் மணமகள் தேவைப் பகுதியில் மதத்தின் பக்கத்திலே சாதியையும் அச்சிடும் கிறிஸ்தவக் குடும்பங்கள் எந்நோயால் பீடிக்கப்பட்டிருக்கின்றன?

பெயரைச் சொல்லாமை பற்றியும் நற்செய்தி ஒரு கதை தருகிறது. நல்ல சமாரியன் கதை முடிந்ததும் இயேசு நியாயசாஸ்திரியிடம், அம்மூவருள் அயலானாய் இருந்தவன் எவன் என வினவுகிறார். 'சமாரியன்' என்பதே நேரான விடை. நியாயசாஸ்திரிக்கு அச்சொல் வாயில் வரவில்லை; இரக்கஞ் செய்தவன் என்று சுற்றிவளைத்துச் சொல்லித் தப்பிக்கொள்கிறான். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் 'எங்கடை ஆக்கள்', 'அவை', 'அந்தப் பகுதி' என்பன செய்யும் வேலை இதுவே. சாதி இல்லை எனச் சொல்லிக்கொண்டே சாதியைக் குறித்துக்கொள்ளும் வித்தையில் அவன் நம்மவர்க்கு முன்னோடி.

போர் எல்லாரையும் ஒன்றாக்கிற்று என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. 1990ஆம் ஆண்டு முதல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோருள், காணி வாங்கவும் உறவினரை அண்டவும் வசதியுடையோர் முகாம்களை விட்டகன்றனர். மல்லாகம், சுன்னாகம் போன்ற இடங்களின் முகாம்களில் 2009இன் பின்னரும் நெடுங்காலம் எஞ்சியிருந்தோருட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோரே என ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். முகாமைச் சூழ இருந்த கிணறுகள் பற்றிய பிணக்குகளும் அப்பதிவுகளில் உள்ளன. குண்டுக்கு அஞ்சி ஒரே பதுங்குகுழியில் ஒதுங்கியவர்கள், குண்டு ஓய்ந்ததும் தத்தம் துலாக்கொடியை அடையாளங் கண்டுகொண்டனர்.

கிணற்றடிக் கதை தண்ணீரோடு முடியவில்லை. அப்பெண் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். ஊரார் வந்து அழைக்க, இயேசு அவர்களிடையே இரண்டு நாள் தங்குகிறார். இரண்டு நாள் தங்கியவர் யார் வீட்டு அடுப்பில் வெந்ததை உண்டார், யார் கலத்தில் குடித்தார், யார் பாயில் படுத்தார்? ஓய்வுநாட் பாடசாலைப் பரீட்சைகளில் அவளுடைய கணவர் எத்தனை பேர் என்ற வினா வருகிறது. அவ்விரண்டு நாட் சாப்பாடு பற்றிய வினா வருவதில்லை.